எங்கள் வீட்டுப் பால்ஸ்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பால்ஸ் விழுகிறது என்று சேலத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் என் மாமா. அவர் அதைச் சொன்ன நாளில் எங்கள் வீட்டில் குடிக்க ஒரு குடமும் புழங்க அரை அண்டாவும் தண்ணீர் இருந்தது. சித்திரை மாதம். தோட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது சில்வர் ஓக் மரத்துச் சருகு மட்டும்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாரமங்கலம் பக்கத்து மிளகை வாங்கிச் சேலத்தில் விற்பது அவர் தொழில். மிளகை அவர் சரியாகத்தான் நிறுப்பார். பேச்சைத்தான் அவருக்கு நிறுக்கத் தெரியாது. என் அக்காவுக்குச் சேலத்தில் ஒரு வரன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மிளகு மூட்டையைப் போட்ட கையோடு அந்த வீட்டுக்கும் போயிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா, வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இதுகூடத் தெருக்குழாயில் சண்டை போட்டுப் பிடித்தது என்று அலுத்துக்கொண்டாராம். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வருவதுதான் மற்றவர்கள் செய்வது. மாமா, எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, தோட்டத்திலேயே பால்ஸ் விழுகிறது என்றார்.

ஏற்காட்டில் யாரும் அருவி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அருவி பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. ஊரில் இருந்தது பால்ஸ்தான். ஆனால் சேலத்து அம்மாவுக்கு அது முதலில் பால் என்று காதில் விழுந்து, எத்தனை மாடு என்று கேட்டாராம். ஆமாம், இரண்டு மாடு என்று அங்கேயே நிறுத்தியிருந்தால்கூட யாரிடமாவது இரவல் வாங்கிக் கட்டியிருக்கலாம். மாமா திருத்தினார். மாடு இல்லை, மேலேயிருந்து விழுகிற தண்ணீர் என்று கையை உயர்த்திக் காட்டினாராம். அப்படியானால் வந்து பார்க்கிறோம் என்று அவர்களும் நாள் குறித்துவிட்டார்கள்.

இதை மாமா வந்து சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் வரக் காரணம் இருந்தது. அக்காவை அதற்கு முன்பும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வீட்டார் நிறம் மட்டு என்றார்கள். இன்னொரு வீட்டார், மலையில் வளர்ந்த பெண் கீழே வெயில் தாங்குமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். இதுவும் தட்டிப்போனால் அடுத்து யார் என்பதும் வீட்டில் பேசியாகிவிட்டது. மனைவியை இழந்தவர், பெரிய பெரிய பிள்ளைகள் உள்ளவர், பல்செட்டு வைத்தவர். அவருடைய போட்டோ அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். அக்கா அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாவாகிவிட்டால் நான் அவர்களுக்கு என்ன முறை ஆவேன் என்று நினைத்து, போட்டோவை இன்னும் அடியில் தள்ளிவைத்தேன்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு பஜாரில் கம்பளியும் குல்லாயும் விற்கிற கடை. அதிகம் பேசமாட்டார். பொய் சொல்லி நிக்காஹ் பண்ணுவது ஆகாது என்று மட்டும் சொன்னார்.

"பொய் எங்க மச்சான்? அவங்க வர்றப்ப இருக்கத்தான போவுது. இருக்கப் போறதக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிப்புட்டேன், அவ்வளவுதான்," என்றார் மாமா.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, அவங்க கடலு வேணும்னு கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள். மாமா அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

எங்கள் தோட்டம் சரிவில் இருந்தது. மண் சரியாமலிருக்க நடுவில் ஆளுயரத்துக்குக் கல் அடுக்கி, மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அந்தக் கல்சுவர்தான் பால்ஸ் என்று மாமா முடிவு செய்தார். மேல் தட்டில் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் இரண்டு டிரம்களை வைத்து, அடியில் ஓட்டை போட்டு, துணி சுற்றிய மரக்கட்டைகளால் அடைத்தார். ஓட்டையிலிருந்து சுவர் விளிம்பு வரை பிளந்த மூங்கில் போட்டு, அதன்மேல் மண்ணும் இலையும் தூவி மறைத்தார். வாழவந்தி போகிற வழியில் பாசியும் பெரணியும் பெயர்த்துக்கொண்டு வந்து கல்லிடுக்குகளில் சொருகினார். இரண்டு நாள் அவருக்கு மிளகு நினைவே இல்லை. பார்ப்பதற்கு அசல் பால்ஸ் போலவே இருந்தது, தண்ணீர் மட்டும்தான் இல்லை.

டிரம்களை மாமாவுக்குத் தெரிந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் கொடுத்தார். காப்பிச் செடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம் கரைக்கிற டிரம்கள். உள்ளே ஓரமெல்லாம் நீலம் பூத்திருந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் அடிமடிப்பில் மட்டும் ஒரு நீலக்கோடு போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. அது விஷம், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் வாயில் படக்கூடாது என்று அம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். லேசாக நீலம் தெரிந்தால் பார்க்க இன்னும் நன்றாக இருக்கும் என்றார் மாமா.

தண்ணீரைக் கீழ ஊத்திலிருந்துதான் கொண்டுவரவேண்டும். ரோட்டைத் தாண்டிப் பாறைகளுக்கு நடுவே இறங்கினால் அந்த ஊற்று இருக்கிறது. கோடையில் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். பிறகு ஏற்றம். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் முழுக்க அம்மாவும் அக்காவும் நானும் ஏறி இறங்கினோம். அம்மாவுக்கு மத்தியானத்துக்கு மேல் முட்டி பிடித்துக்கொண்டது. நான் சின்னக் குடத்தில் பாதியைக் கொண்டுவந்து சேர்த்தேன், மீதி என் பாவாடையில் சேர்ந்தது. மற்றதையெல்லாம் தூக்கியவள் அக்காதான். அவள் முகத்தில் அலுப்பே தெரியவில்லை. நம் ஊரில் எல்லாரும் பால்ஸிலிருந்து தண்ணீர் எடுப்பார்கள், நாம்தான் பால்ஸுக்குத் தண்ணீர் எடுக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தாள்.

சாயங்காலம் மாமா ஒரு டிரம்மைத் திறந்து சோதித்துப் பார்த்தார். டீ ஆற்றிக் குடிக்கிற நேரம் தாங்கியது. அதை மறுபடி நிரப்பவேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் அதே நேரத்துக்கு இரண்டு மடங்கு அகலம். விருந்தாளிகள் பார்த்து, வியந்து, உள்ளே திரும்ப அது போதும் என்று கணக்குப் போட்டார். கட்டையைப் பிடுங்குகிற வேலை எனக்கு. மாமா "தோட்டத்தப் பாக்கலாங்களா" என்று சத்தமாகக் கேட்டதும் பிடுங்கவேண்டும். எல்லாரும் வீட்டுக்குள் போனதும் அடைக்கவேண்டும். இடையில் தும்மக்கூடாது.

மறுநாள் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அத்தா, கல்யாணமான ஒரு மகள், அவளுடைய கணவர், கூட ஒரு பெரியவர். பெண் பார்க்க மாப்பிள்ளை வருகிற வழக்கம் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பெண்கள் இருவரும் வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தார்கள். நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, அதை யாருக்கும் காட்ட வழியில்லாமல், டிரம்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காப்பிக் கிளைகளின் சந்து வழியாகக் கீழ்த் தட்டு நன்றாகத் தெரிந்தது. கேசரி வாசனை மேலே வரை வந்தது. எனக்கு அதிலும் மனம் போகவில்லை. கட்டை வராமல் போனால் என்ன செய்வது என்பதே நினைப்பாக இருந்தது.

கட்டை வரவில்லை. மாமா கேட்டுவிட்டார், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், நான் இரண்டு கையாலும் இழுக்கிறேன், துணி ஊறி இறுகிப்போயிருக்கிறது. மாமா இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். தோட்டத்தில் நின்றுகொண்டே இதைக் கேட்கிறவரை அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் காலை டிரம்மில் உதைத்துக்கொண்டு இழுத்ததில் கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது, நான் மல்லாந்து விழுந்தேன். எழுந்து அடுத்ததையும் பிடுங்கினேன். கீழேயிருந்து மாஷா அல்லா என்று யாரோ சொல்வது கேட்டது. தண்ணீர் சுவரின் அகலத்துக்கும் பரவி, பெரணிகளை ஆட்டிக்கொண்டு விழுந்தது. அத்தாகூட வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அதிகம் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. சுவரை ஒட்டிக் கிடந்த கல்லில் என் அம்மாவோடு உட்கார்ந்தார். எனக்கு நேர் கீழே. கையில் காபி டம்ளர். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உங்கூட்டுப் புள்ளைங்க தண்ணிக்குன்னு வெளிய போனதே இல்லீங்களா?"

அம்மாவுக்கு இதற்கு என்ன சொல்லவேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்திருந்தார். "எதுக்குங்க? இங்கதான் விழுவுதுங்களே," என்றாள் அம்மா, பெருமையாக.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. "எங்கூட்ல தெருக்கொழாய்ங்க. விடியறதுக்கு முன்னால போயி நிக்கோணும். இப்பிடி பால்ஸப் பாத்து வளந்த புள்ளைக்கு அதெல்லாம் ஆவாதுங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு துணியை எடுத்துப் பார்த்துவிட்டு, இது நமக்கு உதவாது என்று திரும்ப வைப்பார்களே, அப்படிச் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டு, கீழே போக அடுத்த பஸ் எப்போது என்று கேட்கச் சொன்னார்.

அம்மாவின் முகம் எனக்கு மேலிருந்து தெரியவில்லை. முக்காட்டைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை அசையவில்லை. இல்லைங்க, இதெல்லாம் சும்மா, நாங்களும் சுமந்துதான் குடிக்கிறோம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பொய்க்காரக் குடும்பம் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் பல்செட்டு மாப்பிள்ளை. எனக்கு அழுகை வந்தது. இந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டாலாவது தேவலை என்று கட்டையை எடுத்தேன்.

அப்போது பஜார்ப் பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. அந்த வேளைத் தொழுகையை மாமா தம் கணக்கில் சேர்க்கவே இல்லை. அம்மா மறக்கவில்லை. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வதற்காக வாசலில் ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் ஓடுகிற தண்ணீர் கண்ணெதிரே இருக்கும்போது வாளித் தண்ணீரை யார் தேடுவார்கள்? மாப்பிள்ளையின் அத்தா சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேராகப் பால்ஸுக்கு வந்தார். மற்ற இரண்டு ஆண்களும் பின்னாலேயே வந்தார்கள்.

நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். இப்போது அடைத்தால் தெரிந்துவிடும். அடைக்காவிட்டால் தண்ணீர் தீர்ந்துவிடும். எட்டிப் பார்த்தால் டிரம்மின் அடி தெரிகிறது, நீலக்கோடு தெரிகிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒளுவில் வாய் கொப்பளிக்கவேண்டும். கீழே பார்த்தேன். மாப்பிள்ளையின் அத்தா வலது கையில் தண்ணீரை ஏந்தி வாயில் விட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இல்லை, மும்முறை. சேலத்திலிருந்து வந்த ஆண்கள் எல்லாரும் எங்கள் தோட்டத்தில் வரிசையாக விழுந்து கிடப்பதும், அத்தாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவதும் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, மலைத் தண்ணீருக்கு ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது என்று கூட இருந்தவரிடம் சொன்னார்.

மற்ற இருவரும் சீக்கிரம் முடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் நிதானமாகச் செய்தார். முகம் கழுவினார், முழங்கை வரை கழுவினார், தலையைத் தடவினார், வலது காலை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். பால்ஸ் மெலிந்துகொண்டே வந்தது. அகலமாக விழுந்தது நூலாகி, நூல் சொட்டாகி, அவர் இடது காலைத் தூக்கிக் கல்லில் வைத்த நேரத்தில் நின்றுபோனது.

தோட்டத்தில் சத்தமே இல்லை. அத்தனை நேரம் தண்ணீர் விழுந்த சத்தம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் அத்தா கழுவாத காலைக் கல்லில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தார். மாமா ஓடிவந்து, கோடையில் இது அப்படித்தான், நின்று நின்று வரும், கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்றார். அவர் நம்பிக்கொண்டு பொறுத்தார். பெரணியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எல்லாரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த ஒருவர் ஒளு முடியாமல் நிற்பதைக் காண அத்தாவுக்குத் தாங்கவில்லை, வாசலில் இருந்த வாளியை எடுக்கத் திரும்பினார்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். பட்டுச்சேலை, முக்காடு, இடுப்பில் சமையலறையில் கடைசியாக மிஞ்சியிருந்த குடம். கூப்பிடாமல் ஆண்கள் முன்னால் வரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஓரத்துப் படியில் ஏறி மேல் தட்டுக்கு வந்து, என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, குடத்தை டிரம்மில் கவிழ்த்தாள். பால்ஸ் மறுபடி விழுந்தது. கீழே மாப்பிள்ளையின் அத்தா பிஸ்மில்லா என்று சொல்லி இடது காலைக் கழுவிக்கொண்டார்.

எல்லாம் அம்பலமாகிவிட்டது. நான் டிரம்முக்குப் பின்னாலேயே கண்ணை மூடிக்கொண்டேன். யாராவது கத்துவார்கள், செருப்பைத் தேடுவார்கள் என்று காத்திருந்தேன். ஆண்கள் தொழப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"இத்தனையும் நீயா தூக்குன கண்ணு?"

அம்மாவும் தங்கச்சியும் கூடத் தூக்கினார்கள் என்று அக்கா சொன்னாள். எங்கிருந்து என்று அவர் கேட்டார். கீழ ஊத்திலிருந்து என்றாள். அவர் எழுந்து வாசலைத் தாண்டிப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், மேல்கையை அமுக்கிப் பார்த்தார்.

"ஒரு நடை போயிட்டு வந்து காட்டு சாமி. சேலையெல்லாம் மாத்த வேண்டாம்," என்றார்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அத்தா தொழுதுகொண்டிருந்த அறைப் பக்கம் அம்மா பார்த்தாள். மாமா, "போ கண்ணு, போ, ஓடு," என்று குடத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கிப் போனாள். நாங்கள் காத்திருந்தோம். தொழுது முடித்து வந்த ஆண்களும் விஷயம் தெரிந்து வாசலில் காத்திருந்தார்கள். அவள் தடுக்கி விழுந்துவிடக்கூடாதே, ஊற்றில் தண்ணீர் வற்றிப்போயிருக்கக்கூடாதே என்று எனக்குத் தெரிந்த சூராவையெல்லாம் ஓதினேன். அவள் நிறைகுடத்தோடு ஏறி வந்தாள். சேலையில் ஓர் ஈரத்துளி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா குடத்தை இறக்கவிடாமல் நிறுத்தி, அவள் கழுத்துக்குக் கீழே கையை வைத்து மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார்.

"தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு ஆவுமா?"

"ஆவுமுங்க மாமி," என்றாள் அக்கா.

மாமியாரைக் கூப்பிடுவது போல மாமி என்றதைக் கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் சர்க்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி, கை நிறைய எடுத்து அக்காவின் வாயில் போட்டார். ஆறிப்போன காபியைச் சூடு பண்ணிக் குடித்தார். கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் கீழே இறங்கி வந்து என் புதுப் பாவாடையை எல்லாருக்கும் காட்டினேன், அதன் பின்பக்கம் முழுக்கச் சேறு. பல்செட்டு மாப்பிள்ளை எங்கள் வீட்டை விட்டு ஒழிந்துபோனார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அத்தாவும் மாமாவும் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனார்கள். அக்கா பட்டுச்சேலையை மடித்துவைக்க உள்ளே போனாள். அம்மா பால்ஸ் பக்கம் தனியாகப் போய், அந்த அம்மா உட்கார்ந்திருந்த கல்லிலேயே உட்கார்ந்துகொண்டாள். மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று நினைத்து நானும் போய் ஒட்டி உட்கார்ந்தேன். அத்தா திரும்பிவந்து எங்கள் எதிரில் நின்றார். நல்லபடியாக முடிந்துவிட்டது என்று, முடிந்துவிட்டதா என்று கேட்பது போலச் சொன்னார்.

"அவங்க பொண்ணு பாக்க வரலீங்க," என்றாள் அம்மா.

அத்தா குனிந்து, காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரணியைக் கல்லிடுக்கில் சரியாகச் சொருகினார். எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. பெண் பார்க்கத்தானே வந்தார்கள், சர்க்கரைகூடப் போட்டுவிட்டுப் போனார்களே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதும் சரி என்றே பட்டது. மலை ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் அவர்கள் வந்தது எங்கள் பால்ஸைப் பார்க்கத்தான் போலிருக்கிறது.